பிள்ளை எந்த வயதில் பருவமடைய வேண்டும்? பெற்றோர் கேட்கும் கேள்விகள்

பள்ளி விடுமுறை முடிந்து ஜூன் மாதம் வகுப்பு தொடங்கும்போது இந்தக் கேள்விகளும் கூடவே வந்துவிடும். "கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் வளர்ந்துட்டாங்க, இவன் மட்டும் அப்படியே இருக்கானே" என்று ஒரு வீட்டில் கவலை. "மூன்றாம் வகுப்புதான் படிக்கிறாள், அதற்குள் மார்பு தெரிகிறதே" என்று பக்கத்து வீட்டில் பயம். இரண்டு வீட்டிலும் பார்ப்பது பிள்ளையின் வயதை மட்டும்தான். அதோடு இன்னும் இரண்டைப் பார்த்தால் பாதிக் கவலை குறையும்: மாற்றங்கள் எந்த வரிசையில் வருகின்றன, எவ்வளவு வேகமாக வருகின்றன.

எந்த வயதில் தொடங்கினால் இயல்பு?

பெண் பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள், ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள். இது தொடக்கத்துக்கான கணக்கு. பலர் முதல் மாதவிடாயைத்தான் தொடக்கம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது கடைசிக் கட்டத்துக்குப் பக்கத்தில் வருவது. மார்பு அரும்பிச் சுமார் இரண்டு, இரண்டரை வருடம் கழித்துத்தான் முதல் மாதவிடாய் வரும். பெரும்பாலான பெண்களுக்கு அது 11 முதல் 14 வயதுக்குள் அமைகிறது.

அதனால் ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பெண்களில் ஒருத்திக்கு மாதவிடாய் வந்து ஒரு வருடம் ஆகியிருக்கலாம், இன்னொருத்திக்கு மார்பு அரும்பவே தொடங்காமல் இருக்கலாம். இருவருமே நலம்தான்.

பெண் குழந்தைக்கு முதலில் என்ன மாறும்?

பெரும்பாலும் மார்பு. காம்புக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கெட்டியாகத் தட்டுப்படும், தொட்டால் வலிக்கும். பல நேரம் ஒரு பக்கம் மட்டும் வரும்; மறுபக்கம் வர ஆறு மாதம்கூட ஆகலாம். குளிக்க வைக்கும்போது இதைக் கண்டுபிடித்த அம்மா "கட்டி, கட்டி" என்று பதறி ஓடி வருவது வாடிக்கை. இந்த வயதில் இது கட்டியாக இருக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. அழுத்திப் பார்க்கவோ பத்துப் போடவோ வேண்டாம். முக்கியமாக, யாராவது "சின்னக் கட்டிதானே, எடுத்துவிடலாம்" என்று சொன்னால் உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த அரும்புதான் பிற்பாடு முழு மார்பாக வளர வேண்டியது. அதை வெட்டி எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் மார்பே வளராமல் போய்விடும். குழந்தை மருத்துவர் ஒருவர் பார்க்காமல் அதில் கத்தி படவே கூடாது.

அப்புறம் அந்தரங்க முடி, அதையொட்டி திடீர் உயரம். மாதவிடாய்க்கு ஆறு மாதம், ஒரு வருடம் முன்பிருந்து லேசாக வெள்ளைப்படும். அரிப்பும் நாற்றமும் இல்லாவிட்டால் அதற்கு வைத்தியம் ஒன்றும் தேவையில்லை. சில பெண்களுக்கு மார்புக்கு முன் முடி வரும், அதுவும் சரிதான்.

பையனுக்கு எப்படித் தெரிந்துகொள்வது?

பெரும்பாலும் பெற்றோருக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. பையனின் தொடக்கம் விதைகள் பெரிதாவதில் இருக்கிறது. பத்து வயதுக்கு மேல் எந்தப் பையன் அம்மா முன்னால் துணி மாற்றுகிறான்? மருத்துவர்கள் இதை அளக்க ஒரு மணிச்சரம் வைத்திருப்பார்கள். 1 மில்லியிலிருந்து 25 மில்லி வரை முட்டை வடிவ மணிகள் அளவு வாரியாகக் கோத்திருக்கும். ஒரு கையால் பையனின் விதையைத் தொட்டு, மறு கையால் அதே அளவுள்ள மணியைத் தேடுவார்கள். 4 மில்லி மணிக்கு ஈடாக வளர்ந்துவிட்டால் பருவம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அரை நிமிட வேலை. பல ரத்தப் பரிசோதனைகளைவிட இது நிறையச் சொல்லும்.

குரல் உடைவதும் மீசை அரும்புவதும் பின்னால் வருபவை. மீசையை வைத்து "இவன் இப்போதுதான் வயசுக்கு வருகிறான்" என்று சொல்லும்போது அவன் உள்ளுக்குள் தொடங்கி இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும்.

தூக்கத்தில் விந்து வெளியேறுவது 13, 14 வயதையொட்டி வரும் இயல்பான விஷயம். இதைப் பையனிடம் வீட்டில் யாரும் சொல்வதில்லை. லாட்ஜில் ரூம் போட்டு "வாலிப வயோதிக அன்பர்களே" என்று விளம்பரம் செய்பவர்கள் சொல்லிவிடுகிறார்கள், பயமுறுத்தி, பணத்தையும் வாங்கிக்கொண்டு. அப்பாவோ மாமாவோ ஐந்து நிமிடம் பேசினால் அந்தக் கடைக்கு வேலையே இருக்காது.

ஏழு வயதிலேயே மார்பு தெரிகிறது. ஆபத்தா?

எட்டு வயதுக்கு முன் பெண்ணுக்கும், ஒன்பது வயதுக்கு முன் ஆணுக்கும் தொடங்கினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். காட்ட வேண்டும் என்றால் ஆபத்து என்று பொருள் இல்லை.

முதலில் அது மார்புதானா என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் பூசினாற்போல் இருக்கும் பிள்ளைகளுக்கு நெஞ்சில் கொழுப்பு சேர்ந்து மார்பு மாதிரி தெரியும். படுக்க வைத்து விரலால் தொட்டால் கொழுப்பு மெத்தென்று பரவிவிடும். மார்பு அரும்பு தனி வட்டமாகத் தட்டுப்படும்.

இரண்டு மூன்று வயதுக்குள் மார்பு மட்டும் லேசாகத் தெரிந்து, உயரம் வழக்கம்போலவே இருந்தால் பெரும்பாலும் அது தானே அடங்கிவிடும். பிறந்த குழந்தைக்கு மார்பு வீங்கியிருப்பதும், பெண் சிசுவுக்கு முதல் வாரத்தில் சொட்டு ரத்தம் படுவதும் அம்மாவின் ஹார்மோன் செய்யும் வேலை. சில ஊர்களில் பச்சைக் குழந்தையின் மார்பை அமுக்கிப் பால் எடுப்பார்கள். சீழ் பிடிக்க அதுவே போதும், தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஆறு, ஏழு வயதில் வந்தால் மருத்துவர் பார்ப்பது வேகத்தை. ஆறு மாதத்தில் மார்பு ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டதா, உயரம் தடதடவென ஏறுகிறதா? இடது கை, மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்கள். ஏழு வயதுப் பெண்ணின் எலும்பு ஒன்பதரை என்று காட்டினால் அது உண்மையான முன்கூட்டிய பருவமாக இருக்க வாய்ப்பு அதிகம். பருவத்தைத் தூண்டும் எல்.எச். என்ற ஹார்மோனுக்கு ரத்தப் பரிசோதனை, கருப்பைக்கு ஸ்கேன் என்று அடுத்தடுத்து வரும். ஆறு வயதுக்குக் கீழே தொடங்கியிருந்தாலோ, தலைவலி, பார்வைக் குறைவு இருந்தாலோ, பிள்ளை ஆணாக இருந்தாலோ மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். பெண்களில் பெரும்பாலோருக்குக் காரணம் என்று ஒன்றும் அகப்படுவதில்லை. மூளையிலிருந்து கிளம்ப வேண்டிய சமிக்ஞை கொஞ்சம் முந்திவிட்டது, அவ்வளவுதான். ஆண்களில் காரணம் அகப்படும் வாய்ப்பு அதிகம் என்பதால் அவர்களைச் சற்றுக் கவனமாகத் தேடுவார்கள்.

அதற்கு ஊசி போட்டு நிறுத்தலாம் என்கிறார்களே, பின்னால் குழந்தை பிறப்பதில் சிக்கல் வராதா?

லூப்ரோலைடு போன்ற ஊசிகள் மாதம் ஒன்று, அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று. 1980களிலிருந்து புழக்கத்தில் இருப்பவை. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் சமிக்ஞையைத் தற்காலிகமாக அமர்த்திவைக்கும். பொதுவாக 11 வயதை ஒட்டி நிறுத்துவார்கள். நிறுத்தி ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் மாதவிடாய் வந்துவிடும். பிள்ளைப்பேற்றுக்கு இதனால் கேடு வருவதாகத் தெரியவில்லை.

எல்லோருக்கும் தேவையா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஐந்து வயதில் தொடங்கி வேகமாகப் போகும் பெண்ணுக்கு நிச்சயம் பயன் உண்டு. சிகிச்சை இல்லாவிட்டால் அவள் மூன்றாம் வகுப்பில் கடைசி வரிசையில் நிற்கும் உயரமான பெண்ணாக இருந்து, எலும்பு நுனியில் வளரும் பகுதிகள் சீக்கிரமே மூடிப்போய், பத்தாம் வகுப்பில் முதல் வரிசைக்கு வந்துவிடுவாள். ஏழே முக்கால் வயதில் தொடங்கி நிதானமாகப் போகும் பெண்ணுக்கு ஊசியால் உயரம் பெரிதாகக் கூடாது. அவளுக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்த்துக் காத்திருப்பதே மேல். விலையும் குறைவில்லை, முதல் சந்திப்பிலேயே "இன்றைக்கே தொடங்கிவிடலாம்" என்றால் இன்னொரு மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை.

மார்பு இல்லை. ஆறேழு வயதில் அக்குளில் முடியும் வியர்வை நாற்றமும் மட்டும்.

சிறுநீரகத்துக்கு மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி கொஞ்சம் முன்னதாக விழித்துக்கொண்டால் இப்படி ஆகும். பெரும்பாலும் தீங்கில்லை. ஒருமுறை காட்டிவிட்டு வந்தால் போதும். முடி வேகமாகப் பரவுவது, முகப்பரு கொட்டுவது, குரல் கனப்பது, பிறப்புறுப்பு பெரிதாவது இவற்றில் ஏதாவது சேர்ந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் யாராவது ஆண் ஹார்மோன் ஜெல் தடவிக்கொள்பவராக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தோலில் பட்டுப் பிள்ளைக்கு ஏறிவிடும்.

மார்பும் இல்லை, முடியும் இல்லை. சின்னப் பிள்ளைக்கு ஜட்டியில் ரத்தம் மட்டும்.

இதைப் பருவம் என்று எடுத்துக்கொண்டு சடங்குக்கு நாள் பார்க்கக் கூடாது. மற்ற மாற்றங்கள் இல்லாமல் ரத்தம் மட்டும் வந்தால் உள்ளே ஏதாவது பொருள் சிக்கியிருக்கலாம், தொற்றாக இருக்கலாம், அடிபட்டிருக்கலாம், யாராவது தவறாக நடந்துகொண்டதாகவும் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

எல்லாம் பிராய்லர் கோழியால்தானே?

நம் ஊரில் இந்தக் கேள்வி வராத நாளில்லை. கல்யாண வீட்டில், ஆட்டோவில், மருத்துவமனை வரிசையில் எங்கும் இதே பேச்சு: கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அதைத் தின்று பெண்கள் சீக்கிரம் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

பிராய்லர் கோழி ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோ ஏறுவது பார்ப்பவருக்குச் சந்தேகம் தருவது நியாயம்தான். நாட்டுக்கோழி அந்த எடைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். ஆனால் அந்த வேகம் வந்தது ஊசியால் அன்று. வேகமாக வளரும் கோழியைத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து எழுபது, எண்பது வருடம் இனப்பெருக்கம் செய்ததன் விளைவு அது. கூடவே கணக்குப் பார்த்துக் கலந்த தீவனம். கோழியின் வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் கோழியின் வயிற்றிலேயே செரித்துவிடும். ஊசியாகப் போடுவதென்றால் ஒரு பண்ணையில் இருக்கும் பத்தாயிரம் கோழிக்கும் தினம் பல தடவை போட வேண்டும். கிலோவுக்கு சில ரூபாய் லாபம் பார்க்கும் பண்ணைக்காரர் எவரும் அதைச் செய்து கட்டுப்படியாகாது.

கோழிப் பண்ணையில் உண்மையாகவே கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாட்டிக் மருந்துகள். அது வேறு கதை, பருவத்தோடு சம்பந்தமில்லை. மாட்டுக்குப் பால் சுரக்கப் போடும் ஆக்ஸிடோசின் ஊசியும் அப்படித்தான். போடுவது தவறு, மாட்டுக்குக் கேடு. ஆனால் அதுவும் புரத வகை, பால் வழியாக வந்து பிள்ளையைப் பருவமடையச் செய்யாது.

சரி, அப்படியானால் பிராய்லர் எவ்வளவு வேண்டுமானாலும் தரலாமா? வாரத்தில் நான்கு நாள் எண்ணெயில் பொரித்த கோழியும் கூடவே குளிர்பானமும் என்றால் உடம்பு பருக்கும். பருமன் பருவத்தை முன்னே இழுக்கும். அங்கே குற்றவாளி எண்ணெயும் சர்க்கரையும்.

நம் காலத்தைவிட இப்போது சீக்கிரம் வருவது உண்மையா?

உண்மை. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் முதல் மாதவிடாய் 16, 17 வயதில் வந்தது; 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் அது 13-ஐ ஒட்டி வந்து நின்றது. வயிறார உணவும், குறைந்த நோயும் அதற்குக் காரணம். அது நல்ல செய்தியும்கூட. அதன்பிறகு மாதவிடாய் வயது மெதுவாகத்தான் நகர்ந்திருக்கிறது. மார்பு அரும்பும் வயது மட்டும் வேகமாக முன்னே வந்துகொண்டிருக்கிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1991-இல் பார்த்தபோது சராசரி 10.9 வயது; 2006-இல் மறுபடி பார்த்தபோது 9.9. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020-இல் வந்த ஒரு தொகுப்பு, பத்து வருடத்துக்குச் சுமார் மூன்று மாதம் முந்துவதாகச் சொன்னது. உடல் எடை இதில் ஒரு முக்கியக் காரணம். கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் "உடம்பில் இருப்பு போதும்" என்று மூளைக்குச் சொல்கிறது. பிளாஸ்டிக்கில் இருக்கும் சில வேதிப்பொருள்கள் மீதும் சந்தேகம் உண்டு, தீர்ப்பு இன்னும் வரவில்லை.

2020 ஊரடங்கின்போது இத்தாலியிலும் இந்தியாவிலும் முன்கூட்டிய பருவத்தோடு வந்த பெண் பிள்ளைகள் கூடினார்கள் என்று மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வீட்டுக்குள்ளேயே இருந்தது, எடை கூடியது, தூக்கம் கெட்டது என்று பல காரணம் சொல்கிறார்கள்.

வயசுக்கு வந்துவிட்டால் வளர்த்தி நின்றுவிடுமா?

நிற்காது, குறையும். பெண்கள் வருடத்துக்கு எட்டு செ.மீ. போல வளரும் வேகமான காலம் மாதவிடாய்க்கு முன்பே வந்து போய்விடுகிறது. மாதவிடாய்க்குப் பிறகு சராசரியாக 5 முதல் 7 செ.மீ. வளர்வார்கள். சீக்கிரம் வந்தவர்களுக்குக் கொஞ்சம் கூட, தாமதமாக வந்தவர்களுக்குக் கொஞ்சம் குறைய. பையன்களுக்கு வேகமான காலம் சுமார் 13, 14 வயதில் வரும், வருடத்துக்கு 9, 10 செ.மீ. வரை. அதனால்தான் எட்டாம் வகுப்பில் பெண்கள் உயரமாகவும் பிளஸ் டூவில் பையன்கள் உயரமாகவும் தெரிகிறார்கள்.

பிள்ளை எவ்வளவு உயரம் வரலாம் என்று ஒரு குத்துமதிப்பு உண்டு. அப்பா, அம்மா உயரத்தைச் செ.மீ.யில் கூட்டுங்கள். பையன் என்றால் 13-ஐச் சேருங்கள், பெண் என்றால் 13-ஐக் கழியுங்கள். வருவதை இரண்டால் வகுங்கள். அப்பா 168, அம்மா 155 என்றால் பெண்ணுக்கு 155. அதைவிட எட்டு செ.மீ. கூடவோ குறையவோ போகலாம்.

என்னைக் கேட்டால், பருவத்தைப் பற்றிக் கவலைப்படும் வீட்டுக்கு முதல் தேவை ஒரு பென்சில். செருப்பைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்து, குதிகால் சுவரில் படும்படி பிள்ளையை நிறுத்துங்கள். தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஓரப்பட்டி துருத்திக்கொண்டிருந்தால் அந்தச் சுவர் வேண்டாம், கதவு நிலையைப் பாருங்கள். பார்வை நேராக இருக்கட்டும். அட்டை கெட்டியான ஒரு புத்தகத்தின் முதுகைச் சுவரோடு ஒட்டி, தலையில் இறக்கி, அடிப்பக்கம் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். காலையில் அளந்தால் எப்போதும் காலையிலேயே அளங்கள். மாலைக்குள் ஒரு செ.மீ. போலக் குறைந்துவிடும். நான்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். பருவத்துக்கு முன் வருடத்துக்கு 5 செ.மீ. சுமார் வளர்வது வழக்கம். 4-க்கும் கீழே போனாலோ, எட்டு வயதுக்கு முன்பே 8-க்குத் தாவினாலோ காட்டுங்கள். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015-இல் நம் பிள்ளைகளுக்கென வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில் மருத்துவர் இந்தக் கோடுகளைப் புள்ளியாக வைத்துப் பார்ப்பார். இரண்டு வருடப் புள்ளிகள் கையில் இருந்தால் பாதி நோயறிதல் அங்கேயே முடிந்தது. உயரம் கூட்டுவதாகச் சொல்லும் பவுடர்களுக்குச் செலவிடும் பணம் முட்டைக்கும் கடலைக்கும் போகட்டும்.

பெண்ணுக்கு 14 ஆகிறது, இன்னும் மாதவிடாய் வரவில்லை.

மார்பு வளர்ந்திருக்கிறதா? வளர்ந்திருந்தால் 15 வரை காத்திருக்கலாம். மார்பு அரும்பி மூன்று வருடம் கடந்தும் வரவில்லை என்றாலும் காட்ட வேண்டும். 13 வயது முடிந்தும் மார்பே அரும்பவில்லை என்றால் அப்போதே போங்கள், "எங்க அத்தைக்கும் லேட்டாத்தான் வந்தது" என்று இருந்துவிட வேண்டாம். உடல் மெலிவு, கடும் விளையாட்டுப் பயிற்சி, தைராய்டு, நாள்பட்ட நோய், தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகைக்காக அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் சேரும் இரும்பு என்று காரணங்கள் பல. பெண் குட்டையாகவும் இருந்தால் டர்னர் சிண்ட்ரோம் (பெண்களுக்கு ஒரு எக்ஸ் குரோமோசோம் குறைந்திருப்பது) இருக்கிறதா என்று குரோமோசோம் பரிசோதனை செய்வார்கள்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். மார்பு நன்றாக வளர்ந்த பெண், மாதவிடாய் வரவில்லை, ஆனால் மாதாமாதம் நான்கைந்து நாள் அடிவயிற்று வலியால் சுருண்டு படுக்கிறாள் என்றால், ரத்தம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தேங்கிக்கொண்டிருக்கலாம். பிறப்புறுப்பு வாயில் மெல்லிய சவ்வு முழுதாக மூடியிருப்பதால் வருவது. சின்ன அறுவை சிகிச்சையில் தீரும். தெரியாமல் வயிற்றுவலி மாத்திரை தந்துகொண்டே மாதங்களை ஓட்டுவதுதான் வருத்தம்.

பையனுக்கு 14 முடியப் போகிறது, ஐந்தாம் வகுப்புப் பையன் மாதிரி இருக்கிறான்.

இந்த வரிசையில் நிற்கும் பையன்களில் பெரும்பாலோர் தாமதமாக மலர்பவர்கள். அப்பாவிடம் கேட்டால் "நானும் காலேஜ் சேர்ந்தப்புறம்தான் சார் வளர்ந்தேன்" என்பார். எக்ஸ்ரேயில் எலும்பு வயது இரண்டு வருடம் பின்தங்கியிருக்கும். அது நல்ல செய்தி: வளர இன்னும் இடம் இருக்கிறது. 14 முடிந்தும் விதை வளரவில்லை என்றால் காட்டுங்கள். பூண்டு வாசனை, மல்லிகை வாசனை தெரிகிறதா என்று மருத்துவர் விசாரிப்பார். சம்பந்தமில்லாத கேள்வி என்று சிரிக்க வேண்டாம். வாசனை அறிவதற்கும் பருவத்தைத் தொடங்குவதற்குமான நரம்பணுக்கள் கருவில் ஒரே இடத்திலிருந்து கிளம்புபவை. கால்மன் சிண்ட்ரோம் இருப்பவர்களுக்கு இரண்டுமே இல்லாமல் போகும்.

பள்ளியில் கேலி தாங்காமல் பையன் ஒடுங்கிப்போனால், சில மாதம் குறைந்த அளவு டெஸ்டோஸ்டிரோன் தந்து தொடக்கிவிடுவது உண்டு. அதை எண்டோகிரைன் (ஹார்மோன்) மருத்துவர்தான் தர வேண்டும். ஜிம்மில் யாரோ தரும் ஊசி எலும்பு நுனியை மூடி, இருக்கிற உயரத்தையும் கெடுத்துவிடும்.

பையனுக்கு மார்பு வீங்கியிருக்கிறது. சட்டையைக் கழற்றவே மாட்டேன் என்கிறான்.

பருவத்தின் நடுவில் பாதிக்கும் மேற்பட்ட பையன்களுக்கு வரும். ஒன்றிரண்டு வருடத்தில் பெரும்பாலும் வற்றிவிடும். கேலி செய்யாமல் இருப்பதே வீட்டார் செய்ய வேண்டிய வைத்தியம். பருவம் தொடங்கும் முன்பே வந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் வேகமாகப் பெரிதானாலோ காட்டுங்கள்.

முதல் மாதவிடாய் வந்தது, அப்புறம் இரண்டு மாதம் காணோம். ஸ்கேனில் நீர்க்கட்டி என்கிறார்கள்.

முதல் இரண்டு வருடம் ஒழுங்கில்லாமல்தான் வரும். 21 நாளுக்கும் வரலாம், 45 நாளுக்கும் வரலாம். இந்த வயதில் ஸ்கேன் எடுத்தால் பல பெண்களின் சினைப்பையில் சின்னச் சின்னப் பைகள் தெரியும், அவை வளர்ச்சியின் பகுதி. முதல் மாதவிடாய் வந்து எட்டு வருடம் வரை ஸ்கேனை வைத்துப் பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு, பி.சி.ஓ.டி. என்பதும் இதைத்தான்) என்று சொல்லக் கூடாது என்பதுதான் சர்வதேச வழிகாட்டுதல். ஆனாலும் 13 வயதுப் பெண்ணின் கையில் "பி.சி.ஓ.டி." என்று எழுதிய ரிப்போர்ட்டைக் கொடுத்து அனுப்புகிறார்கள், அவள் கல்யாணம் வரை அதைச் சுமக்கிறாள். எரிச்சலாக இருக்கிறது.

மூன்று மாதத்துக்கு மேல் வராமல் இருந்தால், ஏழு நாளுக்கு மேல் போனால், மணிக்கொரு பேட் நனைந்தால் காட்டுங்கள். முதல் மாதவிடாயிலிருந்தே கொட்டுகிறது, மூக்கிலும் ஈறிலும் ரத்தம் வரும் பழக்கமும் உண்டு என்றால் ரத்தம் உறைவதில் குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உளுந்தங்களி, நல்லெண்ணெய், பச்சை முட்டை எல்லாம் தரலாமா?

உளுந்தங்களியும் கருப்பட்டியும் தாராளமாக. இடுப்பெலும்பு இரும்பாகும் என்று ஆச்சிமார் சொல்வது கொஞ்சம் மிகை, ஆனால் வளரும் பெண்ணுக்கு நல்ல சாப்பாடு. முட்டையைப் பச்சையாகக் குடிக்க வைக்க வேண்டாம், சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். அவித்துக் கொடுத்தால் சத்து கூடுதலாகவே உடம்பில் சேரும். ஒரு டம்ளர் நல்லெண்ணெயைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கச் சொல்வதில் குமட்டலைத் தவிர வேறு பலன் இல்லை. ஏற்கெனவே எடை கூடிய பெண்ணுக்குப் பதினாறு நாளும் நெய்யும் எண்ணெயுமாகத் தருவது எதிர்ப்பலனைத்தான் தரும். கீரை, பேரீச்சை, பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரை இவை தொடரட்டும்.

மஞ்சள் நீராட்டு விழா வைப்பதும் வைக்காததும் உங்கள் குடும்ப விஷயம், தாய்மாமன் சீர் கணக்குகளுக்குள் நான் வரவில்லை. பெண்ணைக் கேட்டுவிட்டு வையுங்கள். தெருமுனையில் படம் போட்ட பிளக்ஸ் பேனர் வேண்டாமே. மறுநாள் அவள் அதே தெரு வழியாகத்தான் பள்ளிக்குப் போக வேண்டும். தனி அறை, தனித் தட்டு, இரண்டு வாரம் பள்ளி விடுப்பு இவற்றுக்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

எப்போது பேசத் தொடங்குவது?

பெண்ணிடம் எட்டு, ஒன்பது வயதில். மாதவிடாய் வந்தபிறகு சொல்வது பரீட்சை முடிந்தபிறகு பாடம் நடத்துவது மாதிரி. மார்பு அரும்பியதும் புத்தகப் பையில் ஒரு பேட், ஒரு ஜட்டி, ஒரு காகிதப் பை. பள்ளியில் வந்தால் எந்த டீச்சரிடம் சொல்ல வேண்டும் என்பது வரை பேசிவையுங்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எதிரான எச்.பி.வி. தடுப்பூசிக்கும் 9 முதல் 14 வயதுதான் தோதான காலம், அந்தப் பேச்சோடு இதையும் முடித்துவிடலாம்.

சீக்கிரம் வளர்ந்த பெண்ணுக்கு உடம்பு பன்னிரண்டாகவும் மனசு எட்டாகவும் இருக்கும். "இவ்வளவு பெரிய பொண்ணு, இன்னும் பொம்மை வச்சு விளையாடுறே" என்று சொல்லாதீர்கள், அவள் விளையாடட்டும். வெளியாட்களின் பார்வையும் அவள் மீதுதான் முதலில் விழும். எந்தத் தொடுதல் தவறு, யாரிடம் சொல்வது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் மனப்பாடம் செய்ய வையுங்கள்.

யாரிடம் காட்டுவது, என்ன கொண்டுபோவது?

முதலில் குழந்தை மருத்துவர். பெண் பிள்ளை என்பதற்காக நேரே மகப்பேறு மருத்துவரிடம் போகத் தேவையில்லை. தேவைப்பட்டால் அவர் குழந்தைகளுக்கான எண்டோகிரைன் மருத்துவருக்கு எழுதிக் கொடுப்பார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவிலும் பார்க்கலாம். கொண்டுபோக வேண்டியது சுவரில் எழுதிய உயரங்கள், பழைய பள்ளி மருத்துவ அட்டை, பிறந்த எடை, அம்மாவுக்கு எந்த வயதில் மாதவிடாய் வந்தது, அப்பா எந்த வகுப்பில் உயர்ந்தார் என்ற விவரம், சாப்பிடும் மருந்துகள், நாட்டு மருந்தும் சேர்த்து. வெளியே "ஹார்மோன் பேக்கேஜ்" பரிசோதனை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். எந்த ஹார்மோன், எந்த நேரத்தில் என்பதை மருத்துவர் முடிவு செய்தால் பாதிச் செலவில் முடியும்.

அக்காவுக்குப் பத்து வயதில் வந்தது. தங்கைக்கும் அப்படித்தானா?

அதையொட்டி வரும் வாய்ப்பு அதிகம், பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அக்காவைவிட ஒரு வருடம் முன்பே பென்சிலை எடுத்துவிடுங்கள்.